வளவும் மரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜேர்மனியிலுள்ள மகனின் வீட்டு வாசலில், பூவரசு போன்ற இலையுடைய லிண்டன் மரம் நிற்கிறது. கோடையில் இலைகள் பிசுபிசுத்துக் கறுப்பதாகவும், கீழே நிறுத்தும் காரில் பிசின் வடிவதாகவும் சொல்கிறார். மருந்து அடிக்கலாமா? அதன் விதையைக் கல்லடியில் எங்கள் வளவில் ஊன்றினால் வளருமா?
– வாசகி, கல்லடி

பதில்: வடிவது மரத்தின் பிசின் அன்று, இலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும் அழுக்கணவன் கழிக்கும் இனிப்பு நீரே அது. அதன்மேல் படரும் பூஞ்சணம் இலையைக் கறுக்க வைக்கிறது. முதிர்ந்த மரத்துக்கு இதனால் பெரிய கேடு வராது. கன்றாயின் இலையின் அடியில் படும்படி நீரைப் பலமாகப் பீய்ச்சினால் பூச்சிகள் பெருமளவு விழுந்துவிடும். காரை வேறிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

மருந்தை மட்டும் தொட வேண்டாம். லிண்டன் பூவைத் தேனீக்கள் மொய்க்கும். 2013 ஜூனில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வில்சன்வில் நகரில், வாகனத் தரிப்பிடமொன்றில் பூத்திருந்த லிண்டன் மரங்களுக்கு அழுக்கணவனை ஒழிக்க டினோடெபியூரான் தெளித்ததில், 50,000க்கும் மேற்பட்ட பம்பிள் தேனீக்கள் இறந்து விழுந்தன. அதை வாசித்த நாளிலிருந்து, பூத்த மரத்துக்கு மருந்து என்று யாராவது சொன்னாலே எனக்கு மனம் பதைக்கிறது.

அடிமரத்தில் கிளம்பும் பக்கக் கன்றுகளை முளைக்கும் இடத்தோடு வெட்டிவிட வேண்டும். அவற்றில் களைகொல்லி பூசினால் அது தாய்மரத்தையும் தாக்கக்கூடும். இலையோரம் கருகினால், தினமும் மேலாகத் தெளிப்பதை விட்டு, வாரமொரு முறை ஆழமாக நனைய விடட்டும்.

கல்லடியில் இந்த மரத்தை வளர்க்க முயல வேண்டாம். அதன் விதை மாதக்கணக்கில் ஈரக் குளிரில் கிடந்த பின்னரே உறக்கம் கலைந்து முளைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முளைக்கச் செய்தாலும், ஆண்டுதோறும் இலையுதிர்த்து ஓய்வெடுக்க அதற்குப் பனிக்காலம் வேண்டும். மார்கழியிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்கும் மட்டக்களப்பில் அந்த ஓய்வு கிடைக்காது.

நீங்கள் நினைத்த பூவரசையே நாட்டுங்கள். தாவரவியலாளர் இன்று லிண்டனையும் பூவரசையும், நம் செவ்வரத்தையோடு சேர்த்து, மல்வேசியே என்னும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். பூவரசு உவர்மண்ணையும் கடற்காற்றையும் தாங்கும். வேலிக்குத் தடி நாட்டுவது போதும். நிழல் மரத்துக்கோ விதைக்கன்றே மேல், ஏனெனில் தடியிலிருந்து எழும் மரத்தின் வேர் மேலாகவே ஓடும். 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்டவர்களுக்கு ஆழ வேரின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. விதையின் ஓட்டை இலேசாகக் கீறி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஐப்பசி மழை தொடங்கும்போது ஊன்றுங்கள்.

கேள்வி: எங்கள் பூவரசங் காய்களில் சிவப்புப் பூச்சிகள் மொய்க்கின்றன. மரம் பட்டுவிடுமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: படாது. அவை விதையின் சாற்றையே உறிஞ்சுகின்றன. உதிர்ந்த காய்களைக் கூட்டி அகற்றி, கூட்டமாக இருக்கும் பூச்சிகளைச் சவர்க்கார நீருள்ள வாளிக்குள் தட்டி விழுத்துங்கள்.