அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்: எண்ணெயை நிறுத்த வேண்டுமா?

மன்னார்குடி சகோதரிக்கு வணக்கம். அம்மாவுக்கு 48 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததால், பயந்துபோய் வீட்டில் நல்லெண்ணெய், நெய் இரண்டையும் அடியோடு நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டப்பட்டது.

எண்ணெய் மேல் அவ்வளவு பழி வேண்டாம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. சுமார் எட்டு வருடம் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் 9 சதவீதம்தான் குறைவு; அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவு.

அதைவிட முக்கியம் உடல் எடை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் உடம்பின் கொழுப்பில்தான் உருவாகிறது. எடை கூடினால் அதுவும் கூடும். பல மார்பகக் கட்டிகள் அதைக்கொண்டே வளர்கின்றன. நம் டெல்டாவில் மூன்று வேளையும் அரிசி, சாயங்காலம் பஜ்ஜி. நடவுக்கும் களையெடுக்கவும் போன நாளில் அது தாங்கியது. இப்போது நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது, சோறு மட்டும் குறையவில்லை. சோற்றைக் குறைத்துக் கீரை, பயறு, மீன் குழம்பைக் கூட்டுங்கள். தாளிக்க நல்லெண்ணெய் அளவாக இருக்கட்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

சரி, உங்களுக்கு 37 வயது என்றீர்களே, சாப்பாட்டைவிட அவசரம் பரிசோதனைதான். அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தொடங்கச் சொல்வது வழக்கம். சொந்தத்தில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று, அப்பா வழியிலும் விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். இந்த மாதமே போய்விடுங்கள்.