அகழிக்கு முன்னால் ஒரு பள்ளம்

வணக்கம் ஐயா,

கோப்பாயிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணக் கோட்டையை வைத்து ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறேன். மூன்றாவது லெவலில் அகழியைப் பாயவேண்டும். விளையாடிப் பார்த்த மச்சான்மார் எல்லோரும் அதில் விழுந்து விழுந்து அலுத்து, போனை வைத்துவிட்டார்கள். எப்படிப் பாய்வது என்று தொடக்கத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒருவரும் வாசிக்கிறார்கள் இல்லை. மொத்தம் எத்தனை லெவல் வைக்கலாம்? கேம் செய்யும் மென்பொருள்களில், யூனிட்டியில் செய்வதா, கோடோவுக்கு மாறுவதா?

அன்புள்ள தம்பி,

யூனிட்டியோ கோடோவோ, கை பழகியதில் செய்யும். லெவல் கணக்கு இப்போது வேண்டாம். ‘ஒருவரும் வாசிக்கிறார்கள் இல்லை’ என்ற வரிதான் எனக்குக் கோபம் தந்தது. விளையாட வந்த பிள்ளையிடம் பாடப்புத்தகத்தை நீட்டிவிட்டு முறைப்பாடு வேறு வைக்கிறீர். இடம் சொல்லவேண்டியதை ஏன் எழுத்தில் சொல்கிறீர்?

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீடியோ கேமின் முதல் லெவலைப் போய்ப் பாரும். முடிவை நெருங்கும்போது இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கும், நடுவில் வெறும் தரை. பாய்ச்சல் பிழைத்தால் தரையில் விழுவீர், மறுபடி ஏறலாம். சற்றுத் தள்ளி அதேபோல இன்னொரு சோடி. அங்கே நடுவில் குழி. அதற்குள் கை பழகிவிடுகிறது, ஒரு சொல் எழுதாமலே. உமது அகழிக்கு முன்னால் அந்தத் தரை எங்கே?

எனக்கு ஏழு வயதில், பெரியம்மா வளவில் பின்னேரங்களில் கிளித்தட்டு விளையாடுவோம். கோடுகளில் நின்று மறிப்பவர்களிடமும் அவர்களின் தலைவனான கிளியிடமும் அடிபடாமல் தட்டுத் தட்டாகக் கடக்கவேண்டும். நான் முதல் தட்டிலேயே அடிபட்டு அழுதுகொண்டு வருவேன். ஒருநாள் அண்ணன் சாம்பலால் கோடு போடும்போது தட்டின் அகலத்தை இரண்டு முழம் கூட்டிவிட்டார். மறிப்பவன் தன் கோட்டிலேயேதான் ஓடவேண்டும். கோடு நீண்டால் அவன் ஓடவேண்டிய தூரமும் கூடும். அன்றைக்கு மூன்று தட்டுக் கடந்தேன். அப்புறம் நாளுக்கு அரை முழமாகக் கோடு உள்ளே வந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. ஒரு கிழமை கழித்து, வேலியோரம் மங்கலாகக் கிடந்த பழைய சாம்பல் கோட்டைக் கண்டு “இதென்ன?” என்று கேட்டேன். அண்ணன் அதைக் காலால் தேய்த்தபடி, “ஓடு, கிளி வருது” என்றார்.

சரி, அந்த விளக்கப் பக்கத்தை இன்றைக்கே அழியும். மாரியோவின் லெவல்களையும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் வரைந்தார்கள். நீரும் ஒரு சதுரறூள் கொப்பி எடுத்து, கோட்டைக்கு வெளியே புல்வெளியில் தண்ணீர் இல்லாத ஒரு பள்ளம் கீறும். அகலம் அகழியின் அகலமே இருக்கட்டும். கீறியதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பும்.