சமூக ஊடக அல்காரிதம் (யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் நிரல்) தங்களுக்கு எதிராக இருக்கிறது என்று அமெரிக்காவில் இரு கட்சியினருமே ஏன் நம்புகிறார்கள்? அதில் உண்மை இருக்கிறதா?

நான் ஹியூஸ்டனில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்காரும் இருவரில் ஒருவர் குடியரசுக் கட்சிக்காரர், மற்றவர் ஜனநாயகக் கட்சிக்காரர். கடந்த தேர்தல் நேரத்தில் ஒரே வாரத்தில் இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, ஒரே செயலியைப் பற்றி, கிட்டத்தட்ட ஒரே புகாரைச் சொன்னார்கள்: "நான் எழுதினால் யாருக்கும் போய்ச் சேருவதில்லை. எதிர்த்தரப்புக்காரன் எழுதியதை மட்டும் என் தலையில் கட்டுகிறார்கள்." இருவருமே பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

பியூ ஆய்வு மையம் 2020-இல் இதைக் கேட்டுப் பார்த்தது. சமூக ஊடகத் தளங்கள் தமக்குப் பிடிக்காத அரசியல் கருத்துகளை வேண்டுமென்றே தணிக்கை செய்வதாக நினைத்தவர்கள் குடியரசுக் கட்சித் தரப்பில் 90 சதவீதம், ஜனநாயகக் கட்சித் தரப்பில் 59 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் என்பதைக் கவனியுங்கள்.

இந்த மனநிலை சமூக ஊடகத்தோடு பிறந்ததில்லை. பெய்ரூட்டில் 1982-இல் சப்ரா, ஷத்திலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் அது இஸ்ரேலுக்கு எதிரானது என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் அதே செய்தியை இஸ்ரேலுக்குச் சாதகமானது என்றார்கள். வலோன், ராஸ், லெப்பர் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இது.

அங்கே ஒரு வசதி இருந்தது. இரு தரப்பும் பார்த்தது ஒரே ஒளிப்பதிவு. சந்தேகம் வந்தால் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். இன்று என் ஃபீட், அதாவது எனக்குக் காட்டப்படும் பதிவுகளின் வரிசை, எனக்கு; உங்களுடையது உங்களுக்கு. அடுத்தவருக்கு என்ன காட்டப்பட்டது என்று தெரியாதபோது, நமக்கு ஏற்பட்ட நஷ்டம்தான் கண்ணில் படும். 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றதும், தாங்கள் பின்தொடராத டிரம்ப்பை ஃபேஸ்புக் தங்கள் மேல் திணித்துவிட்டதாகப் பலர் கொதித்தார்கள். உண்மையில் அது ஜனாதிபதிக்கான அதிகாரபூர்வக் கணக்கு. பைடன் காலத்தில் பின்தொடர்ந்தவர்களோடு அப்படியே புதிய நிர்வாகத்துக்குக் கைமாறியது.

அப்போ எல்லாமே பிரமையா? அப்படிச் சொல்ல மாட்டேன். ட்விட்டர் நிறுவனமே 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அல்காரிதம் வரிசைப்படுத்தும் டைம்லைனை 2016-இல் கொண்டுவந்தபோது, சுமார் 20 லட்சம் கணக்குகளை மட்டும் பழைய நேர வரிசையிலேயே விட்டுவைத்திருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, ஏழு நாடுகளில் ஜெர்மனி தவிர மற்ற ஆறிலும் வலதுசாரி அரசியல்வாதிகளின் பதிவுகளுக்கே இடதுசாரிகளைவிட அதிக வீச்சு கிடைத்திருந்தது. அந்த ஆறில் அமெரிக்காவும் ஒன்று.

யார் தங்களை அமுக்குகிறார்கள் என்று அதிகம் நம்பினார்களோ, அவர்கள் தரப்புத் தலைவர்களையே இயந்திரம் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது! உடனே குடியரசுக் கட்சிக்காரர்களின் புகார் பொய் என்று முடிவு கட்டக் கூடாது. பதிவை நீக்குவது வேறு, வரிசையில் மேலே கீழே தள்ளுவது வேறு. அந்த ஆய்வு அளந்தது இரண்டாவதை மட்டும். ஏன் அப்படி ஆனது என்றும் அது சொல்லவில்லை. ஆனால் ஒரு சாய்வு இருக்கிறதா என்று உள்ளேயிருந்து அளந்தால்தான் தெரியும், நம் ஃபீடைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது எனக்கு இதிலிருந்துதான் உறைத்தது.

கவலை என்னவென்றால், அளக்கிற கதவுகள் மூடப்படுகின்றன. ஆய்வாளர்கள் இலவசமாகத் தரவு எடுத்துவந்த வழியை ட்விட்டர் 2023-இல் அடைத்துவிட்டுக் கட்டணம் கேட்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று பார்க்க உதவிய தன் கிரௌட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்கள் ஆய்வாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் அதற்கு இணையான சட்டம் இல்லை. 2021-இல் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸும் குடியரசுக் கட்சியின் ராப் போர்ட்மேனும் சேர்ந்தே அப்படி ஒரு மசோதாவை முன்வைத்தார்கள். நிறைவேறவில்லை. அதைப் பற்றித் தங்கள் செனட்டருக்கு எழுதும்படி என் நண்பர்கள் இருவரிடமும் கேட்டிருக்கிறேன்.