மேப்பில் திருத்தம் அனுப்பியாச்சு, எப்போது ஏறும்?

கேள்வி: வணக்கங்க. காங்கேயம் – வெள்ளகோவில் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, எங்கள் தோட்டத்திலேயே மரச்செக்கு வைத்திருக்கிறோம். கூகுள் மேப்பில் எங்கள் கடைக்கு வழி கேட்டால் பின்பக்க இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி உள்ள குறுகலான மண் தடம்) வழியாகக் கூட்டிப் போகிறது. கொப்பரை ஏற்றி வந்த வண்டி அதற்குள் மாட்டிக்கொண்டு, திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. புள்ளியை நகர்த்தச் சொல்லித் திருத்தம் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது, இன்னும் நிலுவையில் என்றே காட்டுகிறது. மகனும் மருமகளும் அவரவர் போனில் இருந்து அதையே அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். இன்னும் எத்தனை நாள்தானுங்க காத்திருப்பது?

பதில்: முதலில், மூன்று போனில் இருந்தும் அனுப்புவதை நிறுத்துங்கள். ஒரே மாற்றம் அடுத்தடுத்து வந்தால் வேலை வேகமாகும் என்று சொல்ல முடியாது. யாரோ வேண்டுமென்றே மாற்றப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம்கூட வரலாம்.

வந்த திருத்தத்தை முதலில் கம்ப்யூட்டர் நிரல்தான் சோதிக்கிறது. அதற்குத் திருப்தி என்றால் சில நிமிடத்தில்கூட ஏறிவிடும். கடை திறக்கும் நேரம், போன் நம்பர் போன்ற சின்ன விஷயங்கள் பல நேரம் அப்படித்தான் ஏறுகின்றன. சந்தேகம் என்றால் செயற்கைக்கோள் படம், மற்றவர்கள் போட்ட போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, தேவைப்பட்டால் ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். புள்ளியைத் தள்ளி வைப்பதும் ரோடு சேர்ப்பதும் பெரும்பாலும் இங்கேதான் தேங்குகின்றன. நம் பக்கத்தில் இன்னொரு சிரமமும் உண்டு. தென்னந்தோப்புக்குள் போகும் தடம் மேலிருந்து எடுத்த படத்தில் மட்டைக்கு அடியில் மறைந்துபோகும். தடம் இருப்பதற்குச் சாட்சியே கிடைக்காதபோது நிலுவை நீளத்தான் செய்யும்.

இவ்வளவு சோதனைக்கும் காரணம் இருக்கிறது. மேப் மேக்கர் என்று ஒரு வசதியை கூகுள் நடத்தி வந்தது. 2008-லேயே இந்தியாவுக்கும் வந்தது. ஊர்க்காரர்களே ரோடு வரைந்தார்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்தார். 2015-ல் பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகே யாரோ ஒரு கேலிப்படத்தை வரைபடத்துக்குள் வரைந்து, அதுவும் ஒப்புதலாகி வெளியே வந்துவிட்டது. உடனே அந்த வசதியைக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள், 2017-ல் மொத்தமாகவே மூடினார்கள். நல்ல எண்ணத்தோடு அனுப்புகிறவர்களையும் இந்தச் சோதனை காக்க வைக்கிறது. வருத்தமான விஷயம்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு புள்ளியில் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். மேப், புள்ளிக்கு மிக அருகில் எந்த ரோடு வரையப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான் வண்டியைக் கொண்டுபோகும். முன்பக்கத் தடம் மேப்பில் இல்லாமல் இட்டேரி மட்டும் இருந்தால், புள்ளியைச் செக்குக்கு நேர் மேலே வைத்தாலும் வண்டி இட்டேரிக்குத்தான் வரும். அதனால் விடுபட்ட ரோடு என்று அந்தத் தடத்தைத் தனியாகத் தெரிவியுங்கள். கடைப் புள்ளியைத் தோப்பு நடுவில் வைக்காமல், வண்டி நுழையும் கேட்டில் வையுங்கள்.

அதைவிட முக்கியம், கடையை உங்கள் பெயரில் உரிமை கோருங்கள். அதற்கான பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுளில் உங்கள் கடைக்கான பக்கம், இலவசம். உரிமையாளர் என்று உறுதியான பிறகு நீங்கள் செய்யும் மாற்றத்துக்கு வழிப்போக்கர் அனுப்புவதைவிட மதிப்பு அதிகம். அதுவும் சோதனைக்குப் போகும், ஆனால் பொதுவாகச் சீக்கிரம் முடியும். உறுதி செய்ய இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். ரோட்டில் ஆரம்பித்து, பெயர்ப்பலகை, செக்கு, பூட்டை நீங்களே திறப்பது என்று எங்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பலகையில் இருக்கும் பெயரை அப்படியே போடுங்கள். பெயரோடு ‘சுத்தமான’, ‘நம்பர் ஒன்’ என்று சேர்த்தால் விதிமீறல் ஆகிவிடும், கணக்கையே முடக்கக்கூடும்.

அதுவரை வியாபாரம் நிற்கக் கூடாதல்லவா? போனில் மேப்பைத் திறந்து, மெயின் ரோட்டில் உங்கள் தடம் பிரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு புள்ளி விழும். அதன் லிங்கையோ பிளஸ் கோடையோ வாட்ஸ்அப்பில் டிரைவருக்கு அனுப்புங்கள். பிளஸ் கோடு என்பது இடத்தைக் குறிக்கும் சின்னக் குறியீடு; அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்து கணக்கிடப்படுவது, அதற்கு யார் ஒப்புதலும் வேண்டாம். அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின்னும் இதே வகைதான். பத்து எழுத்தில், சுமார் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டத்தைக் குறிக்கும். பில்லிலும் எண்ணெய் கேன் ஸ்டிக்கரிலும் அச்சடித்துவிடலாம். அப்புறம், தடம் பிரியும் இடத்தில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்றும் வையுங்கள்.

கேள்வி: திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்துகிறேன். மேப் கம்பெனியில் இருந்து பேசுவதாகச் சொல்லி, பணம் கட்டினால் என் முகவரித் திருத்தம் ஒரே நாளில் ஓகே ஆகும், இல்லாவிட்டால் யூனிட்டையே மேப்பில் இருந்து எடுத்துவிடுவோம் என்றார்கள். பயந்து பாதியை அனுப்பிவிட்டேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: மீதியை அனுப்பாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு திருத்தத்தை ஏற்றுகிற ஏற்பாடு கூகுளில் கிடையாது, எடுத்துவிடுவோம் என்ற மிரட்டலும் பொய். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து பணப் பரிமாற்ற எண்ணைச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் முடக்க வழி இருக்கும். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

முகம் தெரியாத மோசடிக்காரன் மேல் நுகர்வோர் வழக்கு போட்டுப் பயனில்லை, இது போலீஸ் விஷயம். உள்ளூர் ஏஜென்சி ஒன்று பில் கொடுத்து, செய்வதாகச் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் கதை வேறு. அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. திருத்தம் தாமதம் என்று மேப் மீதே வழக்கு போடுவது மட்டும் கடினம். இலவசமாகத் தரும் சேவையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’யில் சேர்க்கவில்லை.

கேள்வி: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போட்டால் உடனே ஏறுமாமே? எங்கள் ஊர் கோபி பக்கம்.

பதில்: ஏறும். அது பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச மேப், அங்கே முன்கூட்டி ஒப்புதல் இல்லை. சேமித்த சில நிமிடங்களில் தெரிய ஆரம்பிக்கும், தப்பாக இருந்தால் மற்ற பங்களிப்பாளர்கள் திருத்துவார்கள். ஆனால் அதில் வரைந்த ரோடு கூகுளில் தானாக வந்துவிடாது. உங்கள் வாடிக்கையாளர் எதைப் பார்த்து வருகிறாரோ அதில் தனியாக அனுப்பத்தான் வேண்டும். கூகுளில் பார்த்து அப்படியே நகலெடுத்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையாதீர்கள், உரிமச் சிக்கல். நேரில் போய்ப் பார்த்த தடத்தை மட்டும் வரையுங்கள்.