அப்டேட் போட்டாச்சு, ஓடுறது பழசு! - சர்வர் கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு 22.04 ஓடும் வாடகை சர்வர் ஒன்று வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் அப்டேட் போடுகிறேன். பாதுகாப்புச் சோதனை செய்தவரோ, ஓபன்எஸ்எஸ்எல் (இணைப்பை ரகசியமாக்கும் லைப்ரரி) பழையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். டிஸ்க்கில் பார்த்தால் புதிய பேக்கேஜ்தான் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் சோதனை செய்தவர் எதைப் பார்த்தார் என்று கேளுங்கள். உபுண்டு 22.04 கடைசி வரை ஓபன்எஸ்எஸ்எல் 3.0.2 என்ற எண்ணைத்தான் காட்டும். பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்து அந்த 3.0.2-க்குள்ளேயே ஒட்டிவிடுவார்கள். மாறுவதெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் தொங்கும் வால் மட்டும். முன் எண்ணை மட்டும் படிக்கும் ஸ்கேனர் 'பழையது' என்று கத்தத்தான் செய்யும். 'ஏபிடி சேஞ்ச்லாக்' கொடுத்து, அவர் சொல்லும் சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைக்கு இடும் அடையாள எண்) அதில் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அந்த வரியையே அவருக்குப் பதிலாக அனுப்பலாம்.

வரி இருந்தும் ஆபத்து தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேக்கேஜ் மாறும்போது புதிய ஃபைல் பழையதின் பெயரை வாங்கிக்கொள்கிறது. பழைய ஃபைலுக்குப் பெயர் போய்விடும், உயிர் போகாது. மூன்று மாதத்துக்கு முன் ஸ்டார்ட் ஆன என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை அது மெமரியில் ஓடிக்கொண்டே இருக்கும். ரூட்டாக (முழு அதிகாரத்தோடு), திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' ஓட்டி, 'டிஇஎல்' (அழிக்கப்பட்டது) என்று குறித்த வரிகளில் ஓபன்எஸ்எஸ்எல்லின் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ பெயர்கள் வருகின்றனவா பாருங்கள். வந்தால் அந்த சர்வீஸ் இன்னும் பழையதில்தான் ஓடுகிறது.

இங்கே ரீலோட் (நிறுத்தாமலே அமைப்பை மறுபடி படிக்க வைப்பது) போதாது. ரீலோடில் என்ஜின்எக்ஸின் பழைய மாஸ்டர் பிராசஸ்தான் புதிய வொர்க்கர்களைப் பெற்றெடுக்கிறது. தாய் மெமரியில் வைத்திருக்கும் பழைய லைப்ரரி பிள்ளைகளுக்கும் வந்துவிடும். ரீஸ்டார்ட்தான் வழி. அப்கிரேட் முடிவில், எந்த சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று 'நீட்ரீஸ்டார்ட்' கேட்கும் பட்டியல் திரையை எஸ்கேப் தட்டி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து படித்துவிட்டு மூடுங்கள். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, பேட்ச் போட்டும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாத சர்வர்கள் ஓட்டையோடுதான் நின்றன.

சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கும் இதே கதைதான். 'யூநேம் -ஆர்' காட்டுவது ஓடும் கெர்னல். பூட் கோப்புறையில் கிடப்பது இறங்கிய கெர்னல். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரீபூட் பாக்கி இருக்கிறது. 'ரன்' கோப்புறையில் 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற ஃபைல் இருந்தாலும் அதே பொருள்தான். பக்கத்தில் 'பிகேஜிஎஸ்' என்று முடியும் ஃபைல், எந்தப் பேக்கேஜுக்காக ரீபூட் கேட்கிறது என்று சொல்லும்.

கேள்வி: லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் தள சர்டிபிகேட் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. அதைப் புதுப்பிக்கும் சர்ட்பாட் நிரலின் லாகிலும் 'சக்சஸ்'. ஆனால் பிரவுசர் காலாவதி என்கிறது.

பதில்: மேலே சொன்ன நோய்தான், மருந்து மட்டும் லேசானது. புதிய சர்டிபிகேட் டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது, என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட் ஆனபோது படித்த பழையதை நீட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு ரீலோடே போதும். சர்ட்பாடின் 'ரின்யூவல்-ஹுக்ஸ்' கோப்புறைக்குள் 'டிப்ளாய்' என்று ஒன்று இருக்கும். அதில் 'சிஸ்டம்சிடிஎல் ரீலோட் என்ஜின்எக்ஸ்' என்ற ஒற்றை வரி ஸ்கிரிப்டை எக்ஸிக்யூட் அனுமதியோடு போட்டு வையுங்கள். 'ரின்யூ --டிரை-ரன்' வெற்றி என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். சாதாரணமாக அந்த ஒத்திகை டிப்ளாய் ஹுக்கை ஓட்டிப் பார்ப்பதில்லை.

இந்த சர்டிபிகேட்டுக்கு 90 நாள் ஆயுள். கடைசி 30 நாளில் சர்ட்பாட் புதுப்பிக்கும். காலாவதி நெருங்குவதாக வந்துகொண்டிருந்த எச்சரிக்கை மெயில்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே, வெளியிலிருந்து தளத்தைத் தட்டிப் பார்த்து மீதி நாளைச் சொல்லும் கண்காணிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். பொது சர்டிபிகேட்களின் உச்ச ஆயுளே 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகச் சுருங்கப்போகிறது. கையால் மாற்றுகிறவர்கள் இப்போதே தானியங்கி முறைக்குப் போவது நல்லது.

கேள்வி: தானாக அப்டேட் போடும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' போட்டுவிட்டு சர்வரை மறந்துவிடலாமா?

பதில்: போடலாம், மறக்க முடியாது. உபுண்டுவில் அதன் இயல்பான அமைப்பு பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்துக்கொள்ளும். நீங்கள் வெளி ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்து பிஎச்பி வாங்கியிருந்தால் அது இந்தக் கணக்கிலேயே வராது. '50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' ஃபைலில் அந்த ரெப்போவின் பெயரை நீங்களே சேர்க்க வேண்டும், அல்லது கையால் போட வேண்டும். 'ஆட்டோ போட்டிருக்கிறேன்' என்று நம்பிக்கொண்டு வருடக்கணக்கில் பழைய பிஎச்பியில் கிடக்கும் தளங்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு இடத்திலும் அது நின்றுவிடும். நீங்கள் கைவைத்து மாற்றிய கான்ஃபிக் ஃபைலை ஒரு பேக்கேஜ் புதிதாகக் கொண்டுவந்தால், யாரையும் கேட்க முடியாத நேரத்தில் முடிவெடுக்க அதற்குத் துணிவில்லை. அந்தப் பேக்கேஜை அப்படியே விட்டுவிட்டு லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகும். 'வார்-லாக்' கோப்புறையில் அதே பெயரில் இருக்கும் லாகை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

தானாக ரீபூட் ஆவது இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். இயக்கினால் நேரமும் கொடுங்கள். வாடகை சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். 02:00 என்று போட்டுவிட்டு அது உங்கள் ஊர் நள்ளிரவு என்று நினைத்துவிடாதீர்கள். பேக்கப் ஓடும் நேரத்தோடும் அது மோதக்கூடாது.

காலையில் நீங்கள் கையால் அப்கிரேட் கொடுக்கும்போது 'லாக் (பூட்டு) கிடைக்கவில்லை' என்று வந்தால், பின்னணியில் இது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காத்திருங்கள். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று அந்தப் பூட்டு ஃபைலை அழித்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பட்டியலில் கைவைப்பார்கள். ஏற்கெனவே அழித்துப் பாதியில் நின்றுவிட்டதா? 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும்.

கேள்வி: ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அந்த நேரத்து முழு நகல்) எடுக்கிறது. தனி பேக்கப் எதற்கு?

பதில்: அப்கிரேட் கெட்டுப்போனால் அரை மணியில் பின்வாங்க ஸ்னாப்ஷாட் அருமையான சாதனம். ஆனால் நேற்றிரவு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் இன்று காலை வந்த ஆர்டர்களும் சேர்ந்து போகும். அது உங்கள் ஹோஸ்டிங் கணக்குக்குள்ளேயே கிடப்பதால், கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் முடங்கும். டேட்டாபேஸுக்குத் தனி டம்ப் (உள்ளடக்கத்தை ஃபைலாக எழுதிய நகல்) எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி வகை டேபிள்கள் என்றால் மைஎஸ்க்யூஎல்டம்ப் கமாண்டில் '--சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன்' சேருங்கள். தளம் பூட்டிக்கொள்ளாமல், ஒரே கணத்தின் நிலை பதிவாகும்.

எடுத்த டம்ப் முழுசா என்று அறிய ஒரு எளிய வழி: ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்' என்று தேதியோடு முடிய வேண்டும். முடியவில்லையென்றால் நடுவில் அறுந்திருக்கிறது. டம்பை பைப் போட்டு, சுருக்கும் நிரலான ஜிஸிப்புக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. டம்ப் தோற்றாலும் ஜிஸிப் வெற்றி என்று சொல்லும், ஸ்கிரிப்ட்டும் அதையே நம்பும். பேஷ் ஸ்கிரிப்ட்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' சேர்த்தால் உண்மை வெளியே வரும்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களின் கோடைச் சேமிக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாக மெயின் டேட்டாபேஸ் கோப்புறை அழிந்தது. அவர்களே வெளியிட்ட அறிக்கைப்படி, தினசரி டம்ப் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 9.6 பதிப்புக்கு 9.2-இன் டம்ப் நிரல் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். தோல்வியைச் சொல்லும் மெயில்களும் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன் ஒருவர் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலி சர்வர் ஒன்றில் உங்கள் பேக்கப்பை முழுசாக ரீஸ்டோர் செய்து பாருங்கள், எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிஎச்பி 7.4-இல் வேர்ட்பிரஸ் தளம், பழைய தீம். நேராக 8.3-க்குப் போனால் என்ன உடையும்?

பதில்: 7.4-க்கு ஆதரவு 2022 நவம்பர் 28-ஓடு முடிந்தது, 8.3-க்கு 2027 டிசம்பர் 31 வரை உண்டு. போகத்தான் வேண்டும், ஆனால் நகல் தளத்தில். முதலில் வேர்ட்பிரஸையும் பிளக்இன்களையும் புதுப்பியுங்கள், கடைசியில் பிஎச்பி. தலைகீழாகச் செய்தால், அட்மின் பக்கமே திறக்காத நிலையில் பிளக்இன் அப்டேட் போடத் தவிப்பீர்கள்.

பழைய தீமில் உடைவது பெரும்பாலும் 8.0-இன் மாற்றங்களில். 'ஈச்', 'கிரியேட்_ஃபங்ஷன்' என்ற ஃபங்ஷன்கள் இரண்டும் நீக்கப்பட்டுவிட்டன. கோடில் இருந்தால் பக்கம் வெள்ளையாகிவிடும். அதைவிட மோசம் சத்தமில்லாமல் மாறுவது. 0-ஐயும் எண்ணல்லாத எழுத்துச் சரத்தையும் ஒப்பிட்டால் 7.4 'சமம்' என்றது, 8.0 'இல்லை' என்கிறது. பிழைச் செய்தி ஏதும் வராது, ஒரு நிபந்தனை மட்டும் வேறு பக்கம் திரும்பும். பிழைகளை ஃபைலில் எழுதும் 'டபிள்யூபி_டீபக்_லாக்' போட்டு, முகப்பை மட்டும் பார்க்காமல் தேடல், படிவம், பணம் கட்டும் பக்கம் எல்லாம் ஓட்டிப் பாருங்கள்.

சர்வர் பக்கம் மறப்பவை: 8.3-க்கு எக்ஸ்டென்ஷன்கள் தனிப் பேக்கேஜ்கள், மைஎஸ்க்யூஎல்லுக்கு உரியதை விட்டால் தளமே எழாது. ஐஎன்ஐ ஃபைலும் புதிது, அப்லோட் அளவு மறுபடி 2 எம்பிக்கு இறங்கியிருக்கும். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில், பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம்மின் சாக்கெட் (இணைப்பு வாசல்) பெயர் 7.4 என்றே கிடந்து, பழைய எஃப்பிஎம்மை நிறுத்தியவுடன் 502 பிழை வரும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஓடும் பிஎச்பியின் பதிப்பைத் தனியாகச் சரிபாருங்கள், அது வெப் பதிப்போடு சேர்ந்து மாறுவதில்லை.

கேள்வி: உபுண்டு 20.04-லிருந்து 24.04-க்கு ஒரே தாவலில் போகலாமா?

பதில்: முடியாது, 22.04-இல் இறங்கித்தான் ஏற வேண்டும். பதிப்பை உயர்த்தும் 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு) வழியாக ஓடும்போது, இணைப்பு அறுந்தால் உள்ளே வர 1022-ஆம் போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் திறந்து வைக்கும். அதை ஃபயர்வாலில் திறந்து வைக்காவிட்டால் பயனில்லை. வெளி ரெப்போக்களை அது அணைத்துவிடும், பிறகு நீங்கள் ஒவ்வொன்றாக இயக்க வேண்டும்.

எங்கள் யோசனை: அந்த வேலையே வேண்டாம். 24.04-இல் புது சர்வர் வாங்கி, தளத்தை நகர்த்தி, ஹோஸ்ட்ஸ் ஃபைல் மூலம் உங்கள் கணினியில் மட்டும் புதியதைக் காட்டிச் சோதியுங்கள். ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்-ஐ (தளத்தின் முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நேரத்தில் பழைய தளத்தை எழுத முடியாதபடி பராமரிப்பு நிலையில் வைத்து, கடைசி டம்பை எடுத்து ஏற்றிய பிறகு டிஎன்எஸ்ஸைத் திருப்புங்கள். பழைய சர்வரை ஒரு வாரம் வைத்திருக்கலாம். ஆனால் அதன் கிரானை அன்றே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரே நினைவூட்டல் மெயிலை இரண்டு சர்வரும் அனுப்பும்.