மெக்கானிக்கல் பெண்கள்: கேட்டவையும் என் பதில்களும்

வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். பொறியியலுக்கு வரும் பெண்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

மகள் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா மேடம்?

சேருங்கள் சார். 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற ஏ. லலிதா, நம் நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர், 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக இருந்த அவருடைய அப்பாதான் அனுமதி வாங்கினார். அதே காலத்தில் த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவிலுக்கு வந்தார்கள். த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார். உங்கள் மகள் சேரப்போகும் வகுப்பில் இன்னும் எத்தனை பெண்கள் என்று மட்டும் விசாரியுங்கள். ஒற்றை ஆளாக நான்கு வருடம் தள்ளுவது கஷ்டம்.

உதவித்தொகை உண்டா அக்கா?

குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் என்றால் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ பெண்களுக்குத் தரும் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பி. வருடம் 50,000 ரூபாய். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000.

கேம்பஸுக்கு ஆளெடுக்க வரும் கோர் கம்பெனிகள் (நம் படிப்புக்கே உரிய துறை நிறுவனங்கள்) ‘பாய்ஸ் மட்டும்’ என்கிறார்களே?

கேட்டால் நைட் ஷிஃப்ட் என்பார்கள். இரவில் பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டப் பிரிவை, 2000இலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பு, போக்குவரத்து எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. உண்மையில் பல இடங்களில் மிச்சம் பிடிப்பது வண்டிச் செலவைத்தான். பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், நாலைந்து பேராகப் போய்.

சைட்டில் டாய்லெட் இல்லை. தண்ணீர் குடிக்காமலே சமாளிக்கிறேன்.

முதலில் தண்ணீர் குடிம்மா. யூரினரி இன்ஃபெக்‌ஷன் வந்து நீ லீவு போட்டால், ‘பொண்ணுங்கன்னாலே லீவு’ என்று அதையும் உன் கணக்கில்தான் எழுதுவார்கள். வாய்வார்த்தையாகக் கேட்காதே. உள்தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, மூடியுள்ள குப்பைத்தொட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி சேஃப்டி மீட்டிங் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பதிவு செய்ய வை. அடுத்த மீட்டிங்கில் எவராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிடலாமா என்று யோசனை.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எவரும் சொல்லாதது, திரும்பி வரும் முதல் வாரம். ‘உங்களுக்குக் கொஞ்சம் ஈஸியா இருக்கட்டும்’ என்று டாக்குமென்டேஷன் மேஜையில் உட்காரவைப்பார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் ப்ரமோஷன், உற்பத்தி லைனில் நிற்பவர்களுக்குத்தான் போகும். விடுப்புக்குப் போகும் முன்பே, எந்த லைனுக்குத் திரும்புவீர்கள் என்று மெயிலில் உறுதி வாங்குங்கள்.

என் டீமில் ஒரே ஒரு பெண். மேனேஜராக நான் என்ன செய்யலாம்?

இரண்டாவது பெண்ணை எடுங்கள். அப்புறம், மீட்டிங் நோட்ஸ், பிறந்தநாள் கேக், ஆயுத பூஜைக் கோலம் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். ராத்திரி மெஷின் பிரேக்டவுன் என்றால் அவருக்கும் போன் போகட்டும். வண்டியை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.