கெமிஸ்ட்ரி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அம்மா

வணக்கம் அம்மா. போன சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வந்தீர்கள். "இனி மெஷினே எல்லா சோதனையும் செய்யுமாமே, கெமிஸ்ட்ரி படித்து இவள் என்ன செய்வாள்?" என்று கேட்டீர்கள். அன்று நேரமில்லாமல் பாதியில் நிறுத்திய பதிலை இப்போது எழுதுகிறேன். இதே கவலை வேறு பெற்றோருக்கும் இருக்கும்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2020இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஒரு ரோபோ, லாப்பில் தானே நடமாடி எட்டு நாளில் 688 சோதனைகளைச் செய்தது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது 2021இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் குழு வெளியிட்ட ஆய்வை. ஒரு வினையில் அதிக விளைச்சல் எடுக்க வேண்டும். அதற்கு 12 லிகண்ட் (வினையூக்கியின் உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு), 4 காரம், 4 கரைப்பான், 3 வெப்பநிலை, 3 செறிவு. பெருக்கினால் 1,728 வழிகள்! ஐம்பது வேதியியலாளர்களையும் ஒரு கணினி நிரலையும் இதில் போட்டிக்கு விட்டார்கள், சுற்றுக்கு ஐந்து சோதனை. முதல் சுற்றில் மனிதர்கள் முந்தினார்கள். மூன்றாவது சுற்றுக்குள் நிரலின் சராசரி மேலே போய்விட்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கையில் உள்ள முடிவுகளை வைத்து, இன்னும் செய்யாத சோதனைகளில் எது நன்றாக வரலாம், எதைப் பற்றி நமக்கு அறவே தெரியாது என்று நிரல் கணக்கிடுகிறது. இரண்டையும் எடைபோட்டு அடுத்த சோதனையைச் சொல்கிறது. பேயீசியன் முறை என்பார்கள். அடிப்படையில் இது புள்ளியியல். சரி, அந்த 12 லிகண்டைப் பட்டியலில் போட்டது யார்? வேதியியல் தெரிந்த மனிதர்தான். பட்டியலில் இல்லாத ஒன்றை நிரலால் தேர்ந்தெடுக்க முடியாது.

உங்கள் மகள் படிவம் நான்கு நோட்டைக் காட்டினாள், நினைவிருக்கிறதா? தயோசல்பேட் சோதனை. குடுவைக்கு அடியில் காகிதத்தில் போட்ட எக்ஸ் குறி, கரைசல் கலங்கி மறையும் வரை நேரம் பார்ப்பது. அவள் வரைந்த கோட்டில் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றது. அழித்து ஒழுங்காக்காமல், பக்கத்தில் பென்சிலால் "குடுவை ஈரமாக இருந்தது, திரும்பச் செய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஈரக் குடுவையில் வந்த எண்ணை நிரலிடம் கொடுத்தால் அது அப்படியே நம்பும். அதை வைத்தே அடுத்த ஐந்து சோதனைகளையும் தேர்ந்தெடுக்கும். சந்தேகப்பட ஆள் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஒரே அளவீட்டைத் தினமும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான் முதலில் குறையும் என்று நினைக்கிறேன். அதனால் கெமிஸ்ட்ரியை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதாது. படிவம் ஆறுக்குப் போனால் மேத்தமேட்டிக்ஸ் டி என்ற கணிதப் பாடத்தை எடுக்கட்டும். மூன்றாம் பருவத்தில் வருவது முழுக்கப் புள்ளியியல், அதைக் கடமைக்குப் படிக்க வேண்டாம். அப்புறம் பைத்தான் என்ற கணினி மொழி. பிரின்ஸ்டன் குழுவின் நிரலே பைத்தானில்தான் இருக்கிறது, யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம்.

பட்டப்படிப்புக்கு வெளியூர் அனுப்ப வேண்டுமோ என்றும் தயங்கினீர்கள். இங்கே தீவிலேயே, மிண்டனில் யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வேதியியல் துறை இருக்கிறது. கெமிக்கல் இன்ஜினியரிங் என்றால் அதே பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் வளாகம், உங்கள் கரையிலேயே. இரண்டும் ஒன்றல்ல. வேதியியலாளராகத் தொழில் செய்ய 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டப்படி மலேசிய வேதியியல் கழகத்தில் பதிய வேண்டும். இன்ஜினியர்களுக்கு வேறு வாரியம். எங்கே விண்ணப்பித்தாலும், அந்தப் பட்டத்தை வைத்துக் கழகத்தில் பதிய முடியுமா என்று முதலில் கேளுங்கள். இறுதியாண்டு மாணவர்களைத் தானியங்கிக் கருவிகளில் கைவைக்க விடுகிறார்களா என்பதை மகளே கேட்கட்டும்.

அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்தப் புள்ளியைத் திரும்பச் செய்தாளா, என்ன வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.